21 ஆண்டு காத்திருந்த தொலைநோக்கி

ஹைதராபாத் நவாப் ஜாபர் ஜங் 1901இல் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். பிசல்பண்டாவில் தம் சொந்த இடத்திலேயே வான் ஆய்வகம் எழுப்ப வேண்டும் என்பது ஆசை. 1907இல் காலமானார். மறு ஆண்டு நிஜாம் அரசு அந்தப் பொறுப்பை ஏற்றது. அந்தப் பெரிய கருவி பேகம்பேட்டையில் முறையாக இயங்கத் தொடங்கியது 1922இல்தான். பணம் இருந்தவர் கதையே இப்படி!

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைக் காடுகளுக்கு அருகே, தமிழ் பேசுவோர் நிறைந்த மார்டள்ளியில் ஒருவர் மொட்டை மாடியில் 10 அங்குலக் கருவியை நிறுத்த நினைத்தால், இருட்டு அவர் பக்கம். மழைக்காலம் எதிர்ப்பக்கம். ஈரம் தங்கினால் லென்சில் பூஞ்சை பிடிக்கும், குழலுக்குள் குளவி கூடு கட்டும், வயரை எலி கடிக்கும். பனி படிந்த கண்ணாடியை அப்படியே மூடிவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஈரம் உலர்ந்த பிறகே மூட வேண்டும். தூசி தெரிந்ததும் துணியை எடுப்பது அதைவிட மோசம். அலுமினியப் பூச்சில் விழும் கீறல் போகாது. காற்றூதும் பம்ப் போதும். அழுக்கு மிஞ்சினால் காய்ச்சி வடித்த நீரில் மெல்ல அலசலாம். காவலூர் வான் ஆய்வகத் தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடிக்கே அவ்வப்போது பழைய பூச்சை நீக்கி, வெற்றிடக் கலனில் புதிதாக ஏற்றுகிறார்கள். வீட்டுக் கண்ணாடிக்கும் சில ஆண்டுகளில் அந்தச் செலவு வரும். வாங்கும் முன்பே, பூச்சு எங்கே போடுவார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

சூரியன் விஷயத்தில் விளையாட்டே கூடாது. வடிகட்டி, குழலின் முன்வாயை முழுதும் மூட வேண்டும். கண் வைக்கும் முனையில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கலாம். பார்வை நொடியில் போய்விடும். குழலைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், குவியும் வெயில் பக்கத்துத் துணியைக்கூடப் பற்றவைக்கும். இடி முழங்கும் முன்பே மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

பெட்டி பிரிக்கும்போதே கண்ணாடி உடைந்திருந்தால்? பிரிப்பதை வீடியோ எடுத்து, பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்தியவருக்குப் பாதி வேலை முடிந்தது. முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கடை பெங்களூரில் இருந்தாலும் அலைய வேண்டாம்: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, மார்டள்ளிக்காரர் என்றால் சாமராஜநகரிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.

தெருவிளக்குத் தொல்லைக்குத்தான் சட்டம் கைகொடுப்பதில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டு இடையூறின்றி வந்த வெளிச்சத்துக்கு உரிமை தருகிறது, இருட்டுக்குத் தரவில்லை. விளக்குக்கு மேல்மூடி போடும்படி பஞ்சாயத்தில் மனு கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் மனு வேண்டாம். ஒரு நாள் மாடிக்கு அழைத்துச் சனியின் வளையத்தைக் காட்டினால், அவரே விளக்கை அணைத்துவிடக்கூடும்.