வைஃபை பெயரில் ‘சுங்கை சிப்புட்’ அடங்குமா? திறமூல மொழியில் தமிழ் மாணவருக்கும் வேலை இருக்கிறது

ஈப்போ – வீட்டு வைஃபைக்கு ‘ஈப்போ’ என்று தமிழில் பெயர் வைக்கலாம். ‘தைப்பிங்’ என்றும் வைக்கலாம். ஆனால் ‘சுங்கை சிப்புட்’ என்று தமிழில் வைக்க முடியாது.

வைஃபை தரநிலை ஒரு பெயருக்கு 32 பைட் இடம்தான் தருகிறது. ரோமன் எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ‘சு’ என்ற ஓர் எழுத்தே சகரம், உகரக் குறி என இரண்டு குறியீடுகள். அதாவது 6 பைட். கணக்குப் போட்டால் ஈப்போ 15, தைப்பிங் 24, சுங்கை சிப்புட் 43.

இப்படிப்பட்ட சின்னச் சிக்கல்களைக் கண்டுபிடித்துச் சொல்வதும் ஒரு நிரலாக்க மொழிக்குச் செய்யும் பங்களிப்புதான். அதற்கு மைக்ரோபைத்தான் நல்ல எடுத்துக்காட்டு.

சிறிய பலகையில் பைத்தான்

பைத்தான் மொழியைக் கைக்கடக்கமான மின்னணுப் பலகைகளில் ஓடும்படி சுருக்கி அமைத்ததே மைக்ரோபைத்தான். ஆஸ்திரேலிய இயற்பியலாளர் டேமியன் ஜார்ஜ் 2013இல் பொதுமக்களிடம் இணையம்வழி நிதி திரட்டி இதைத் தொடங்கினார். இது திறமூல மென்பொருள். நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்.

அவரது முதல் பலகையில் வைஃபை இல்லை. 2016இல் மீண்டும் நிதி திரட்டி, இஎஸ்பி8266 என்ற மலிவான வைஃபை சிப்புக்கு மைக்ரோபைத்தான் கொண்டுவரப்பட்டது. அந்தச் சிப்பைத் தயாரிப்பது ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம். அதை நிறுவிய தியோ சுவீ ஆன் சிங்கப்பூரர். 2022 ஜூனில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் வைஃபை கொண்ட பைக்கோ டபிள்யூ பலகையை 6 அமெரிக்க டாலர் விலையில் வெளியிட்டது. அன்றே அதில் மைக்ரோபைத்தானும் ஓடியது.

நான்கு அடுக்கு வேலை

மாணவர் சில வரிகள் எழுதினால் பலகை இணையத்தில் சேர்ந்துவிடும். அதற்குப் பின்னால் நான்கு அடுக்குகள் இருக்கின்றன.

முதல் அடுக்கு, வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருள். இது பெரும்பாலும் மூடியது. தயாரிப்பாளர் தருவதை அப்படியே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, அந்தச் சிப்புடன் பேசும் இயக்கி. மூன்றாவது, தகவலைப் பொட்டலமாக்கி அனுப்பிப் பெறும் பகுதி. பைக்கோ டபிள்யூவில் இதற்கு சுவீடனின் ஆடம் டங்கல்ஸ் எழுதிய எல்டபிள்யூஐபி என்ற திறமூல மென்பொருள் பயன்படுகிறது. நான்காவது, ‘தேடு’, ‘இணை’, ‘துண்டி’ போன்ற கட்டளைகளைப் பயனருக்குத் தரும் பகுதி.

முதல் அடுக்கைத் தவிர மற்றவை பைக்கோ டபிள்யூவின் 264 கிலோபைட் நினைவகத்தைக் கொண்டே நடக்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம்கூட அதில் அடங்காது.

உரிமத்தையும் கவனிக்க வேண்டும். மைக்ரோபைத்தான் எம்ஐடி உரிமத்தில் வருவதால் வணிகத்துக்கும் தடையில்லை. ஆனால் பைக்கோ டபிள்யூவின் வைஃபை இயக்கி வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே பொதுவாகத் திறந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பையின் சிப்புடன் சேர்த்து விற்பதற்குத் தனி அனுமதி உண்டு. அதே இயக்கியை வேறொரு பலகையில் போட்டு விற்க நினைப்பவர் முதலில் உரிமத்தைப் படிக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் எதற்கு?

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட மாநிலம் பேராக். அந்தப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவோ குடியிருப்பாகவோ மாறிவிட்டன. அங்கே மழையளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் அளந்து அனுப்பும் கருவியைப் பள்ளி மாணவரே செய்துவிடலாம்.

ஆனால் தோட்டத்தின் கடைசி வரிசை வீட்டில் சமிக்ஞை வந்து வந்து போகும். இணைப்பு அறுந்தால் பலகை தானே மீண்டும் சேர வேண்டும். இல்லையென்றால் மழை கொட்டும் நேரத்தில் தகவல் வராது. திசைவி பக்கத்திலேயே இருக்கும் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பவருக்கு இந்தக் கோளாறு எளிதில் கண்ணில் படாது. தோட்டத்தில் இருப்பவருக்குத்தான் படும்.

தமிழ்ப் பெயரும் அப்படியே. மைக்ரோபைத்தான் அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடும்போது பெயர்களை பைட் வரிசையாகவே தருகிறது. அதை எழுத்தாக மாற்றும் கட்டளையைச் சேர்த்தால்தான் ‘ஈப்போ’ தெரியும். இல்லையேல் குறியீடுகள்தான் வரும். இடம் போதாத பெயரை நடுவில் வெட்டினால் ஓர் எழுத்தின் பாதி பைட் மட்டும் மிஞ்சி, மாற்றும்போது பிழை வரும்.

எங்கே தொடங்குவது?

இயக்கி எழுதத் தெரிந்தவர்தான் பங்களிக்கலாம் என்றில்லை. ஒரு கோளாறு எந்தப் பலகையில், எந்தப் பதிப்பில், எந்த வரியில் வந்தது என்று தெளிவாக எழுதி கிட்ஹப்பில் பதிவது முதல் படி. விளக்கக் குறிப்பில் ஓர் எடுத்துக்காட்டைச் சேர்ப்பது அடுத்த படி. மலேசியாவில் பயன்படுத்துபவர் நாட்டுக் குறியீட்டை ‘எம்ஒய்’ என்று அமைக்க வேண்டும். எந்த அலைவரிசைத் தடங்கள் அனுமதிக்கப்பட்டவை என்பது அதைப் பொறுத்தது. இத்தகைய தகவல் புதியவருக்கு உதவும்.

நிரலில் திருத்தம் அனுப்புபவர், அது தாம் அனுப்ப உரிமையுள்ள வேலை என்று உறுதிகூறும் கையொப்ப வரியைச் சேர்க்க வேண்டும். பிறகு மற்றவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள், மாற்றச் சொல்வார்கள். ஏற்கப்பட்டால் அந்தத் திருத்தம் அடுத்த பதிப்பில் உலகெங்கும் போகும்.

முயன்று பார்க்க விரும்பும் இடைநிலைப்பள்ளி மாணவருக்கு ஒரு பலகையும் ஒரு யூஎஸ்பி கம்பியும் போதும். முதல் சோதனையாகக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் பெயர் வைத்து, பலகை அதைக் கண்டுபிடித்து இணைகிறதா என்று பார்க்கலாம்.