சார், லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாச்சா?

ஓய்வுக்குப் பிறகு – 9

ஆவடியில் ஒரே தெருவில் மூன்று ஓய்வூதியர்கள் குடியிருந்தால், அவர்கள் உயிரோடு இருப்பதை அதிகாரிகள் மூன்று விதமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்து ஓய்வுபெற்றவர் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டியிருந்தால் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வேலைபார்த்து பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் எந்த மாதமும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கோ ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல் என்பது வெகுகால வழக்கம். கொரோனா வந்து 2020, 2021 இரண்டு ஆண்டும் விலக்கு. 2022இல் ஜூலை முதல் செப்டம்பர் வரை. அதன்பின், அவரவர் ஓய்வுபெற்ற மாதத்திலேயே வந்து முகம் காட்டலாம் என்று ஆயிற்று.

நல்ல மாற்றம்தான். சார்நிலைக் கருவூல வாசலில் மே மாத வெயிலில் வரிசை நிற்பது குறைந்தது. ஆனால் முன்பு எல்லோருக்கும் ஒரே பருவம் என்பதால் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் நினைவுபடுத்திக்கொள்வார். இப்போது ஆளுக்கொரு மாதம். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவுக்குத் தன் மாதம் எது என்பதே பல சமயம் தெரியாது. வங்கிக் கணக்கில் பணம் ஏறாதபோதுதான் தெரியவரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்த கையோடு வரும் கேள்வி இந்தத் தலைப்பில் இருப்பதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் என்றால் ஆர்ப்பாட்டம், கருப்புப் பட்டை, மாநாட்டுத் தீர்மானம் என்றுதான் வெளியே தெரிகிறது. அதெல்லாம் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கிற வேலை வேறு. அது காகித வேலை. யாருக்கு எந்த மாதம் நேர்காணல் என்று பட்டியல் வைத்திருப்பது, வராதவர் வீட்டுக்குப் போன் போடுவது, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அஞ்சல்காரரை வீட்டுக்கே வரவழைத்து, எழுபது ரூபாய்க் கட்டணத்தில் மின்னணுச் சான்றிதழ் எடுக்கவைப்பது. 2022இல் நேர்காணலுக்கான வழிகளை அரசு அறிவித்தபோது, ஓய்வூதியர் சங்கங்கள் விரல் ரேகைக் கருவி வைத்துச் சான்றிதழ் பதிவு செய்வதையும் ஒரு வழியாகச் சேர்த்தது. அறிவிப்பில் அது ஒரு வரி. என் கணக்கில், சங்கங்களுக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரங்களில் ஒன்று. கோரிக்கை வைக்கிற அமைப்பையே அரசு தன் வேலையில் ஒரு பங்கைச் செய்யச் சொல்கிறது. விரல் ரேகை தேய்ந்துபோன முதியவர்களைக் கருவி ஏற்காது என்பது சங்கத்தாருக்கு அனுபவத்தில் தெரியும். அதற்கு மாற்றாக முகத்தைக் காட்டிப் பதியும் வசதி, ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்றிதழ் முறையில் 2021 நவம்பரில் வந்தது. அதற்கு ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும். அதைச் சரியாகப் பிடிக்க ஒரு பேரன் வேண்டும். பேரன் வெளியூரில் என்றால் சங்கச் செயலாளர்.

இந்த மேற்குப் புறநகரில் காகித வேலை கூடுதலாகச் சிக்கலாவதற்கு ஊரின் வரலாறும் காரணம். இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் கரைந்தது. 2018இல் வருவாய் நிர்வாகமும் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி திருவள்ளூரிலேயே நின்றது. வில்லிவாக்கம் ஒன்றியத்துப் பள்ளியில் சேர்ந்து, பூந்தமல்லி ஒன்றியத்துக்கு மாறுதலாகி, அம்பத்தூரில் வீடு கட்டிக் குடியேறிய ஓர் ஆசிரியரின் பணிப்பதிவேடு எத்தனை அலுவலக மேசைகளைக் கடந்திருக்கும்! அதில் இன்ஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, மனைவி பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் ‘சரோஜா’, வங்கியில் ‘சரோஜினி’. அவர் உயிரோடு இருக்கும்வரை இது யாருக்கும் பொருட்டில்லை. இறந்த மறுமாதம் அந்த அம்மாவுக்கு இதுவே மலையாக நிற்கும். அனுபவமுள்ள சங்க நிர்வாகிகள் ‘உயிரோட இருக்கும்போதே பேரைத் திருத்துங்க சார்’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வது இதனால்தான். கேட்பதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆசிரியருக்குப் பென்ஷன் என்பது ஆதியிலிருந்து இருந்ததல்ல. தென்னிந்திய ஆசிரியர் சங்கம் 1909இல் தொடங்கியது. உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் கிடைக்க அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1955இல், காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்து முப்பயன் திட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981 ஜூன் முதல் தேதியில். இந்தத் தேதிகளை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மூத்தவர்கள் சங்கங்களில் உண்டு. அவர்களுக்கு இவை பாடப்புத்தகத் தேதிகள் அல்ல. தங்கள் பென்ஷன் கணக்கின் உறுப்புகள்.

டிசம்பர் 17ஆம் தேதி ஓய்வூதியர் தினம். 1982இல் அந்த நாளில்தான் உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. டி.எஸ். நகரா, பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வுபெற்றவர். 1979இல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியது. ஆனால் 1979 மார்ச் 31இலோ அதற்குப் பின்னரோ ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும். ஒரே வேலை, ஒரே பதவி. ஒரு நாள் முந்திப் பிறந்ததற்காகக் குறைந்த பென்ஷனா என்பது கேள்வி. ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காக நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு, ஓய்வூதியம் அரசு விருப்பப்பட்டால் போடும் பிச்சை அல்ல, பணியால் ஈட்டிய உரிமை என்று நிறுவியது. மனுதாரர்களில் மூன்றாவது, எச்.டி. ஷோரி தொடங்கிய ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு. தனி ஆள் வயோதிகத்தில் நீதிமன்றம் ஏற முடியாதபோது அமைப்பு ஏறலாம் என்பதற்கும் அந்த வழக்கு முன்னுதாரணம். டிசம்பர் 17 கூட்டங்களில் நகராவின் பெயர் ஒலிக்கும். இந்த மூன்றாவது மனுதாரரை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இன்றைய கோரிக்கைகளுக்கு வருவோம். எண்பது வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறில் 100. எழுபதிலேயே 10 சதவீதம் கொடுங்கள் என்கிறார்கள். தொகுத்துப் பெற்ற மூன்றில் ஒரு பங்கு ஓய்வூதியம் பதினைந்து ஆண்டு கழித்தே திரும்புகிறது, கேரளத்தில் பன்னிரண்டு. மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். இன்று ஒரு சர்க்கரை நோயாளியின் மாத்திரைச் செலவோடு அதை ஒப்பிட்டு நான் எழுத வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் ஓய்வூதியரிடம் மாதம் 497 ரூபாய் பிடிக்கப்படுகிறது. நான்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்குப் பத்து லட்சம் வரை. கட்டணமில்லாச் சிகிச்சை என்றுதான் பெயர். மருத்துவமனை வாசலில் நடப்பது வேறு என்பதே சங்கக் கூட்டங்களில் அதிகம் கேட்கும் குறை. பட்டியலில் உள்ள மருத்துவமனையே முன்பணம் கேட்கிறது. காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியை மட்டும் அனுமதிக்கிறது. மீதியை மகனோ மகளோ கட்டுகிறார்கள். நெஞ்சுவலியில் அருகிலிருந்த, பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனால் சுத்தமாக மறுப்பு. இப்படிப்பட்ட மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிவகாந்த் ஜா வழக்கு. சிகிச்சை உண்மையாக நடந்ததா என்பதைப் பார்க்க வேண்டுமே தவிர, மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் தொகையை மறுக்கக் கூடாது. தீர்ப்பு தானாக நடந்து வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டாது. டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, தீர்ப்பை மேற்கோள் காட்டி, மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு எழுத ஒருவர் வேண்டும். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவருக்கு அடுத்தவர் காகிதத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

இந்தத் திறமை உறுப்பினர் அல்லாதவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கட்சி. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை. தரப்புகளுக்காக வழக்கறிஞர் வாதாட அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இடம் தரவில்லை. மனுவை முதியவரே கொடுக்கலாம், முடியாதபோது அவர் அதிகாரமளித்த அமைப்பு கொடுக்கலாம் என்கிறது 5ஆவது பிரிவு. ஆசிரியர் சங்கங்களை மனதில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது.

இந்தப் பகுதியில் இதற்குத் தேவையும் அதிகம். கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் தவணை கட்டி வாங்கிய மனைகள் இன்று கோடிகளில் பேசப்படுகின்றன. பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்தபின் கேட்கவே வேண்டாம். அன்பாகத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டுக்கொண்டவர்கள் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. சட்டத்தின் 23ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பேரில்தான் எழுதிக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று இன்னொரு அமர்வு சொன்னது. எனவே பதிவு அலுவலகம் போகுமுன் அந்த ஒரு வாக்கியத்தைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லும் ஆள் பக்கத்தில் இருப்பது பிற்பாடு எந்த வழக்கைவிடவும் மலிவு.

அப்புறம் தனியார் பள்ளி ஆசிரியைகள். அம்பத்தூர், ஆவடி முழுக்க மெட்ரிக் பள்ளிகள். அங்கே இருபது, இருபத்தைந்து ஆண்டு நின்றுகொண்டே பாடம் நடத்திய டீச்சர்களுக்கு ஓய்வூதியர் தினம் ஒன்று இருப்பதே தெரியாது. கல்வி நிறுவனங்களுக்குச் சேமநிதிச் சட்டம் 1982லேயே வந்துவிட்டது. பி.எஃப். பென்ஷன் கணக்கு எளிது: சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 6,500 ரூபாய் சம்பளத்தில் இருபது ஆண்டு என்றால், 58 வயதில் ஓய்வுபெறும்போது சேரும் இரண்டு ஆண்டுச் சலுகையோடு மாதம் 2,043 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள்.

பணிக்கொடை விஷயம் இன்னும் வேடிக்கை. ஆசிரியர் ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடி, 2022 ஆகஸ்டில் தோற்றன. கடைசி மாதச் சம்பளம் 20,000, பணி இருபது ஆண்டு என்றால் பணிக்கொடை ஏறக்குறைய 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். கேட்டு வாங்கிய டீச்சர்கள் குறைவு. கேட்கலாம் என்று தெரிந்தவர்களே குறைவு.

அரசு ஓய்வூதியர்களின் சங்கத்தில் இவர்களுக்கு இடம் உண்டா என்று நிர்வாகிகளிடம் கேட்டால் விதியில் இல்லை என்பார்கள். விதியை எழுதியவர்களும் அவர்களே. உறுப்பினர் படிவங்களில் வழக்கமாகக் கேட்பது ஓய்வூதிய ஆணை எண். அம்பத்தூர் சேமநிதி மண்டல அலுவலகத்திலிருந்து மாதம் 2,043 ரூபாய் வாங்கும் டீச்சருக்கும் அப்படி ஓர் எண் இருக்கிறது. அந்தக் கட்டத்தை அவரும் நிரப்பலாம்.

2003 ஏப்ரல் முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ அரசுப் பணியில் சேர்ந்து, பங்களிப்பு ஓய்வூதியத்தில் ஓய்வுபெற்றவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)