கையொப்பம் யாருடையது?

பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். நம் குடும்பங்களில் அதை வாங்கி, பெரும்பாலும் வாசிக்காமலே, கையொப்பமிடுபவர் மூத்த மகனோ மருமகனோதான். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், பயந்துவிடுவார்" என்பது அன்பினால் எழும் சொல்லே. ஆயினும் அந்த அன்பு, அவருக்கே உரிய முடிவை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

1957 நவம்பரில் மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் இதைத் தெளிவுபடுத்தினார். நோயாளி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ இசைவு தந்தாலன்றி, மருத்துவருக்கென்று தனி உரிமை இல்லை. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை உண்டு. பெருஞ்சுமையாகும் வழிகளை ஏற்கக் கட்டாயமில்லை. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், ஆற்றலுள்ள நோயாளியே இம்முடிவுகளை எடுக்க வேண்டும் என்கிறது.

நாட்டின் சட்டமும் இவ்வழியே. பரிசோதனைக்கு மட்டும் இசைந்து மயக்கத்திலிருந்த ஒரு பெண்ணுக்கு, தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயாரின் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை மருமகனுக்கு ஏது?

நோயை அறிந்தவர் மருத்துவர். தம் வாழ்வை அறிந்தவர் நோயாளி. எண்பது வயதுப் பெரியவருக்கு இதய அறுவை என்று வைத்துக்கொள்வோம். இறப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு, மூச்சுக் கருவியில் எத்தனை நாள் இருக்க நேரலாம், அறுவையின்றி மருந்தோடு இருந்தால் என்னவாகும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பிழைத்தும் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தால் அதை ஏற்பாரா, பேத்தியின் திருமணம்வரை நடமாடினால் போதுமென்பாரா என்பதை அவரன்றி வேறு யார் சொல்வது? இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு பிறக்க வேண்டும். "உங்கள் இஷ்டம்" என்று நோயாளியின் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு மருத்துவர் ஒதுங்கிக்கொள்வதும் முறையன்று. தம் ஆலோசனையை அவர் தயங்காமல் கூற வேண்டும். "விவரமெல்லாம் எனக்கு வேண்டாம், மகளிடம் பேசுங்கள்" என்று நோயாளி சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவே. அதை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1972-இல் திருத்தப்பெற்ற சடங்குமுறைப்படி, கடும் நோயின் காரணமாக அறுவைக்குச் செல்பவர் முன்னதாகவே நோயில் பூசுதல் பெறலாம். முந்தின நாள் மாலையிலேயே குருவானவரை அழையுங்கள். காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரமிராது.