வாங்குவது மென்பொருளையா, அனுமதியையா?

புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கியவர், அதை வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் படிக்கக் கொடுக்கலாம். பின்னர் பழைய புத்தகக் கடையில் விற்றும்விடலாம். மென்பொருள் ஒன்றை விலைக்கு வாங்கியவர், அதைத் தம் அலுவலகத்தின் ஐந்து கணினிகளில் நிறுவலாமா? பெரும்பாலும் கூடாது. 'காசு கொடுத்துத்தானே வாங்கினோம்' என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. விடை, நாம் எதை வாங்கினோம் என்பதில் இருக்கிறது.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மென்பொருளின் முதல் பிரதியை உருவாக்கப் பெருஞ்செலவு ஆகிறது, அடுத்த பிரதிகளுக்கோ ஏறத்தாழச் செலவே இல்லை. எனவே நிறுவனங்கள் பிரதிக்கு அல்ல, பயன்படுத்தும் அனுமதிக்கு விலை வைக்கின்றன. அந்த அனுமதியே உரிமம். வெளிநாட்டு மென்பொருளுக்கான வருமான வரி வழக்கில், 2021 மார்ச் 2 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இதையே உறுதிப்படுத்தியது: வாங்குபவருக்குக் கிடைப்பது வரம்புக்கு உட்பட்ட பயன்பாட்டு உரிமை மட்டுமே, பதிப்புரிமை அவருக்குக் கைமாறுவதில்லை.

அந்த வரம்பு எதை அலகாகக் கொள்கிறது என்பதே அடுத்த கேள்வி. சில உரிமங்கள் கணினியை எண்ணுகின்றன. புதிய கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. கணினி பழுதானால் உரிமமும் அதனோடு முடிந்துவிடும். தனியாக வாங்கிய விண்டோஸை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆனால், பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

வேறு சில உரிமங்கள் ஆளை எண்ணுகின்றன. மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் திட்டத்தில் ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து கருவிகளில் அதைப் பயன்படுத்தலாம். இது ஒருவருடைய ஐந்து கருவிகளுக்கான அனுமதியே தவிர, ஐந்து ஊழியர்களுக்கான அனுமதி அன்று. மேலும், வீட்டுப் பயன்பாட்டுக்கும் மாணவர்களுக்கும் சலுகை விலையில் தரப்படுவதைத் தொழிலுக்குப் பயன்படுத்தப் பொதுவாக அனுமதி இல்லை.

மூன்றாவது வகை, ஒரே நேரத்தில் பயன்படுத்துவோரை எண்ணுவது. கல்லூரி ஆய்வகத்தில் ஐம்பது கணினிகளில் நிறுவியிருந்தாலும், பத்துப் பேருக்கான உரிமம் என்றால் ஒரு வேளையில் பத்துப் பேர்தான் திறக்க முடியும்.

இந்த வேறுபாடு அறியாமல் சிக்கலுக்கு உள்ளாகக்கூடியவர்கள் சிறு அச்சகத்தாரும், கணக்குத் தணிக்கை அலுவலகங்களும், பயிற்சி மையங்களும்தான். பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதிப் பாதுகாக்கிறது. முறையாக வாங்கியவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்பாக ஒரு நகல் எடுத்து வைக்க 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால், அந்த நகலை இரண்டாவது கணினியில் நிறுவ அது அனுமதி ஆகாது. உரிமம் மீறிய நகல் என்று அறிந்தே பயன்படுத்தினால், 63-பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். தொழில், ஆதாய நோக்கம் இல்லையெனில் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்த்து, ரூ.50,000 வரையிலான அபராதத்தோடு நிறுத்தலாம்.

செலவைத் தாங்க இயலாதவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம்; கேரள அரசுப் பள்ளிகள் அவ்வகை மென்பொருள்களைக் கொண்டே கணினிக் கல்வியை நடத்தி வருகின்றன.

பழியை வாங்குபவர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நீளும் நிபந்தனைகளைப் படிக்காமலேயே 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோம். எத்தனை கணினி, எத்தனை பேர், எவ்வளவு காலம், தொழிலுக்கு ஆகுமா என்னும் நான்கு விவரங்களையும் விற்பவர் ரசீதிலேயே தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும் என அரசு விதி வகுக்கலாம். அதுவரை, பணம் கொடுக்கும் முன்பு அந்த நான்கையும் நாமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நமக்குப் பாதுகாப்பு.