200 அடிக்கு எத்தனை எறிதல்?

டிஸ்க் கோல்ஃபுக்கென்றே நிலையாக அமைந்த முதல் மைதானம் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் உருவானது. அதை அமைத்தவர் எட் ஹெட்ரிக். மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்து வட்டு எறிந்துகொண்டிருந்தவர்களுக்குச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையைத் தந்தவரும் அவர்தான். இன்று அமெரிக்காவின் மைதானங்களில் பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. மேடு பள்ளமும் மரங்களும் நிறைந்து, ஹோலுக்கு (எறியத் தொடங்கும் இடத்திலிருந்து கூடை வரை) 200 அடிதான் நீளம் என்று ஒரு மைதானத்தைப் பார்த்தால், புதியவர்கள் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது.

18 ஹோல், ஒவ்வொன்றும் 200 அடி, பார் (எதிர்பார்க்கப்படும் எறிதல் எண்ணிக்கை) 3. மொத்த நீளம் 3,600 அடி, மொத்த பார் 54. ஆடுபவர் சமதளத்தில் 220 அடி எறியக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். மரமும் மேடும் இல்லாவிட்டால் ஓர் எறிதலில் கூடையருகே போய், அடுத்ததில் உள்ளே போடலாம். ஹோலுக்கு 2 வீதம் 36.

இப்போது மேட்டைச் சேர்ப்போம். ஓர் அடி உயரம் ஏறினால் 3 அடி நீளம் கூடியதாகவும், இறங்கினால் 3 அடி குறைந்ததாகவும் கொள்வது மைதானம் வடிவமைப்பவர்களின் வழக்கம். 20 அடி ஏற்றத்தில் 200 அடி என்பது 260 ஆகிவிடும். அதே இறக்கத்தில் 140. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதால் ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரி. நீளக் கணக்கில் மாற்றமில்லை. எறிதல் கணக்கு அப்படிச் சமன்படாது. 260ஐ இவரால் ஒரே எறிதலில் தொட முடியாது. அங்கே 3 ஆகும். 140இலோ அதே 2தான், குறையாது. 9 ஏற்றம், 9 இறக்கம் என்றால் 9 எறிதல் கூடி 45.

மரங்களின் பங்கு இதைவிடக் கடுமையானது. 5 டிகிரி பிசகி எறிந்த வட்டு, திறந்த வெளியில் 200 அடி போய்ச் சேரும்போது கூடையிலிருந்து சுமார் 17 அடி விலகியிருக்கும். கூடையைச் சுற்றியுள்ள 10 மீட்டர் வட்டத்துக்குள்தான் அது, நட்டமில்லை. காட்டில், 60 அடி தொலைவில் இரு மரங்களுக்கு நடுவே 10 அடி இடைவெளி. அதே 5 டிகிரிப் பிசகில் வட்டு ஒரு விநாடிக்குள் அடிமரத்தில் மோதும். மிச்சம் 140 அடி. இறக்கமான 9 ஹோல்களிலும் இப்படி நடந்தால் இன்னும் 9. மொத்தம் 54. அதாவது, பார் எடுப்பதே இங்கே கௌரவமான ஆட்டம்.

வட்டு தொலைந்தால் தேட 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஓர் எறிதல் தண்டனை, பழைய இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். ஆக இரண்டு போயிற்று, வட்டின் விலையும் போயிற்று. சரிவில் விழுந்த வட்டு விளிம்பால் உருண்டு புதருக்குள் ஓடிவிடும் என்பதால், அது நிற்கும்வரை கண்ணெடுக்கக் கூடாது.

பணத்துக்கு வருவோம். அமெரிக்கக் கடைகளில் சாதாரண பிளாஸ்டிக் வட்டு ஏறத்தாழ 8 முதல் 12 டாலர். உயர்தரம் 16 முதல் 20 டாலர். மரத்தில் மோத மோத மலிவு பிளாஸ்டிக் விளிம்பு நசுங்கி, வட்டு பறக்கும் பாதையே மாறிவிடும். அதனால் மரங்களுக்கிடையே எறியும் நடுத்தூர வட்டான மிட்ரேஞ்சை உயர்தரத்தில் வாங்குவது நல்லது. கூடையருகே பயன்படும் புட்டருக்குக் கைப்பிடிப்பே முக்கியம். அது மலிவிலேயே நன்றாக இருக்கும். இரண்டும் சேர்த்து 30 டாலர்.

நெடுந்தூரம் பறக்கும் டிரைவர் வட்டுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதற்கு ஆகும் 20 டாலரைச் சரிவில் வழுக்காத நல்ல காலணியில் போடுங்கள்.