எடைப் பிரிவுகளும் மல்லர் வளமும்

குத்து, உதை, மற்பிடி ஆகிய பலவும் விரவி நிகழும் போர் விளையாட்டைக் கலப்பு மற்போர் என்பர். அமெரிக்காவிலே யு. எப். சி. என்னும் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு டென்வர் நகரில் தன் முதற் போட்டியை நடாத்தியபோது எடைப் பிரிவுகள் இருந்தில. ஏறக்குறைய 175 இராத்தல் எடையினரான ராய்ஸ் கிரேசி, தம்மினும் எடை மிக்கார் மூவரை ஓரிரவில் அடக்கினார். தாவீதின் வரலாற்றை அறிந்த நமக்கு அது பெரு வியப்பன்று. 1997-இல் இரு பிரிவுகள் தோன்றின. இன்று ஆடவர்க்கு 125 முதல் 265 இராத்தல் வரை எட்டுப் பிரிவுகள் உள. இவற்றுள் எப்பிரிவில் திறலுடையார் மிகப் பலர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

ஒருவர் பட்டத்தை நெடுங்காலம் காப்பாராயின் அப்பிரிவில் வல்லார் இலர் என்றும், அஃது அடிக்கடி கைம்மாறுமாயின் வல்லார் பலர் என்றும் கூறுவாருளர். இஃது ஏற்புடைத்தன்று. 206 முதல் 265 இராத்தல் வரையிலான பேரெடைப் பிரிவில், 2025 வரை, பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறைக்குமேற் காத்தவர் எவருமிலர். 155 இராத்தற் பிரிவிலும் மூன்றே நெடுங்காலம் எல்லையாயிருந்தது. 2025-இல் இஸ்லாம் மகச்செவ் அதனை நான்காக்கினார். எண் ஒத்திருப்பினும் காரணம் ஒத்ததன்று. பேருடலாரின் குத்தொன்றே எவரையும் வீழ்த்துமாதலின், அங்கே வெற்றி நிலைப்பதில்லை. 155-இலோ, ஒருவரை வென்றால் அவரோடொத்த மற்றொருவர் காத்து நிற்பர்.

பட்டம் எய்தும் வழியை நோக்கின் இவ்வேற்றுமை நன்கு விளங்கும். பேரெடைப் பிரிவில் ராண்டி கூட்டூர் 2007-இல் தம் 43-ஆம் அகவையிற் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே, தம் நான்காம் போரிலேயே பிராக் லெஸ்னர் அதனை அவரிடமிருந்து கைக்கொண்டார். 155-இல் இவ்விரண்டும் நிகழ்ந்ததில்லை. 2010-இல் அந்நிறுவனத்திற் புகுந்த சார்லஸ் ஒலிவேரா 2021-இல்தான் அங்கே பட்டம் பெற்றார். காரணம் எளிது. ஆடவருட் பெரும்பாலார் நடுத்தர யாக்கையினர். 170, 180 இராத்தல் உடையாரும் எடை காணும் நாளுக்குமுன் உடல் நீரை வற்றச்செய்து 155-க்கு இறங்குவர். 240 இராத்தல் எடையும் விரைவும் ஒருங்குடையார் சிலரே. அவருட் பலரை அமெரிக்கக் காற்பந்தாட்டம் பேரூதியம் காட்டி ஈர்த்துக்கொள்ளுகிறது.

125 இராத்தற் பிரிவைப்பற்றிய பொதுக் கருத்து நேர்மையற்றதென்பது நம் துணிபு. டெமெட்ரியஸ் ஜான்சன் 2012-இற் பெற்ற பட்டத்தைப் பதினொரு முறை காத்தார். எதிர்த்தார் எளியர் என்று அவர் புகழைக் குறைத்தனர். 2018-இல் அவரை வென்ற ஹென்றி செஜுடோவோ ஒலிம்பிக் மற்போரிற் பொற்பதக்கம் பெற்றவர். 2019-இல் 135 இராத்தற் பட்டத்தையும் வென்றவர். எளியார் கூட்டம் இத்தகையாரைத் தருமோ? எனினும் அக்காலத்தே அப்பிரிவினர் பலரை நிறுவனம் விடுவித்தது. களமும் ஊதியமும் குன்றின் மல்லர் வேறிடம் நாடுவர். பின் அப்பிரிவு வறிதென்று சொல்லுதல் எளிதாகும். மகளிர்க்கென 2017-இல் தொடங்கிய 145 இராத்தற் பிரிவில் தரவரிசைப் பட்டியலே வெளிவந்ததில்லை. 2023-இல் அமண்டா நூனெஸ் ஓய்வு பெற்றதும் அப்பிரிவு நின்றுபோயிற்று.