கழிக்க வேண்டியது யாருடைய சம்பளத்தில்?

பெங்களூரின் தெற்கு எல்லையில், ஓசூர் சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கிறது எலெக்ட்ரானிக் சிட்டி. 1970களின் பிற்பகுதியில், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதற்கு வித்திட்டது. இன்று இங்குள்ள அலுவலகங்களில் பணிபுரியும் பெண்களில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரும், ஓசூரிலிருந்து நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து வருவோரும் உண்டு. அவர்களுள் தாயானவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: வேலையைத் தொடர்வதா, விடுவதா?

இவ்வூரின் பெயரோடு பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்ட இன்போசிஸ் நிறுவனத்தின் கதையிலேயே அக்கேள்வி இருக்கிறது. 1981இல் அந்நிறுவனம் தோன்றியபோது அதற்கு முதலாக அமைந்தது, சுதா மூர்த்தி தம் சேமிப்பிலிருந்து கணவர் நாராயண மூர்த்திக்கு அளித்த 10,000 ரூபாய். அப்போது அவர்களுடைய மகளுக்கு ஒரு வயது கடந்திருந்தது. டெல்கோ நிறுவனம் பணியமர்த்திய முதல் பெண் பொறியாளர் சுதா. ஆயினும், இருவரில் ஒருவரே இன்போசிஸில் இருக்கலாம் என்று கணவர் கூறியபோது அவரே விலகி நின்றார். அவ்வாறு அவரை விலக்கி வைத்தது தவறு என்று பின்னாளில் நாராயண மூர்த்தியே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். சுதா தம் அடையாளத்தைக் கற்பித்தலிலும், கன்னட, ஆங்கில எழுத்திலும், 1996இல் தொடங்கப்பட்ட இன்போசிஸ் அறக்கட்டளைப் பணியிலும் அமைத்துக்கொண்டார். அத்தகைய மற்றொரு வாயில் எல்லாத் தாய்மார்க்கும் திறப்பதில்லை.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கவும் உரிமை அளித்தது. எனினும் விடுப்பு முடிந்த மறுநாள்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. காப்பகம் மாலையில் மூடும் நேரம் உறுதியானது. சில்க் போர்டு சந்திப்பைக் கடக்கும் நேரம் அப்படியன்று. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலைக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம், ஒரு தாய்க்கு நேரத்தைக் கணித்துச் சொல்லும் நிம்மதியைத் தருகிறது. ஆனால் வீட்டுக் கணக்கை அது மாற்றிவிடாது.

அந்த வீட்டுக் கணக்கில்தான் நாம் பெரும்பாலும் பிழை செய்கிறோம். தாயின் மாதச் சம்பளம் 50,000 ரூபாய், தந்தையின் சம்பளம் 70,000 ரூபாய் என்று கொள்வோம். காப்பகம், வீட்டுப் பணியாளர், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 30,000 ரூபாய் செலவாகிறது. "இவ்வளவு அலைந்தும் உனக்கு மிஞ்சுவது 20,000 தானே?" என்று உறவினர் கேட்பர். குழந்தை இருவருக்கும் உரியது. செலவு மட்டும் ஏன் ஒருவர் சம்பளத்தில் கழிக்கப்படுகிறது? 1,20,000 ரூபாய்க் குடும்ப வருமானத்தில் 30,000 என்பது கால் பங்கு. மேலும், அச்செலவு குழந்தை பள்ளி செல்லும் வரை சில ஆண்டுகளுக்கே. தாயின் பணி வாழ்வோ இன்னும் 25, 30 ஆண்டுகள் நீளக்கூடியது.

இடைவெளியின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் சேமித்து, அது ஆண்டுக்கு 8 விழுக்காடு என்ற அளவில் மாதந்தோறும் கூட்டு வட்டியில் வளர்ந்தால், கையில் ஏறத்தாழ 29 இலட்சத்து 45 ஆயிரம் ரூபாய் இருக்கும். முதல் ஐந்து ஆண்டுகள் விட்டுப் பிறகு தொடங்கினால் 17 இலட்சத்து 30 ஆயிரமே சேரும். கட்டாமல் விட்டது மூன்று இலட்சம். இழப்போ பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேல். பணியிலிருந்து விலகும்போது வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த பணிக்காலம் கணக்கில் வராது.

இது இந்தியப் பெண்களின் சிக்கல் மட்டுமன்று. 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், செல்வ நாடுகளில் ஒரே தொழிலில் உள்ள ஆண், பெண் ஊதியத்துக்கு இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி முதல் குழந்தையின் பிறப்போடு தோன்றுவதை எடுத்துக்காட்டினார். திறமையில் திடீரெனக் குறை நேர்வதில்லை. நேரத்தைப் பங்கிடும் முறைதான் மாறிவிடுகிறது.

பணத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண் சில மாதங்களிலேயே "இன்னாரின் அம்மா" ஆகிவிடுகிறார். அது இனிய பெயரே. ஆனால் ஒரே பெயராகிவிடக் கூடாது. தம் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, தம் பெயரில் ஒரு முதலீடு, வாரத்தில் தமக்கே உரிய சில மணி நேரம் ஆகியவற்றை ஆடம்பரமாகக் கருத வேண்டியதில்லை. சில ஆண்டுகள் வீட்டில் இருப்பதையே விரும்பித் தேர்பவருக்கும் இது பொருந்தும். அவர் பெயரிலான சேமிப்பு அக்காலத்தில் கணவரின் வருமானத்திலிருந்து தொடரலாம்.

ஆகவே, விடுப்பு முடிவதற்கு இரண்டு மாதங்கள் முன்பே கணவனும் மனைவியும் ஒரு தாளுடன் அமர்வது நலம். காப்பகக் கட்டணத்தைக் குடும்பச் செலவாக எழுதுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் எந்த நாளில் விடுப்பு எடுப்பது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளில் இருவர் பெயரும் இருக்கட்டும்.